குண்டூரில் பிறந்ததா ஹீலியம்? 1868 சூரிய கிரகணத்தின் நிஜக்கதை!

ஆகஸ்ட் 18 நெருங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு ஃபார்வர்டு சுற்ற ஆரம்பித்துவிடும். பலூனில் அடைக்கும் ஹீலியம் வாயுவைக் கண்டுபிடித்தது நம் இந்தியாவில்தானாம். 1868-ம் ஆண்டு, ஆந்திராவின் குண்டூரில், சூரிய கிரகணத்தன்று ஜான்சென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்தாராம். கடைசியில் நாலு தேசியக்கொடி எமோஜி.

குண்டூர் உண்மை. கிரகணம் உண்மை. ஜான்சென் அங்கே வந்ததும் உண்மை. 'கண்டுபிடித்தார்' என்ற ஒரு சொல்லில்தான் சிக்கல். குண்டூரில் அன்று ஜான்சென் கண்டுபிடித்தது ஹீலியத்தை அல்ல, வேறொன்றை. அது என்ன என்று தெரிந்தால், ஃபார்வர்டு சொல்வதைவிடப் பெரிய விஷயம் நம் பக்கத்து மாநிலத்தில் நடந்திருப்பது புரியும். அதன் மிச்சக் கதை நீலகிரி, கொடைக்கானல் வழியாக இன்று விண்வெளியில் இருக்கும் ஆதித்யா எல்-1 வரை நீள்கிறது. இந்த வாரம் அந்தக் கதைதான்.

ஏன் அந்தக் கிரகணம் ஸ்பெஷல்?

சூரியனின் விட்டம் நிலவைப் போல ஏறக்குறைய 400 மடங்கு. சூரியன் இருக்கும் தூரமும் நிலவைப் போல ஏறக்குறைய 400 மடங்கு. இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போவதால்தான் வானில் இரண்டும் ஒரே அளவு தட்டு போலத் தெரிகின்றன. நிலவால் சூரியனைக் கச்சிதமாக மூடவும் முடிகிறது. ஆனால், நிலவும் பூமியும் சுற்றுவது சரியான வட்டத்தில் அல்ல. அதனால் நிலவின் தட்டு சில நாள் கொஞ்சம் பெரிதாகவும், சில நாள் கொஞ்சம் சிறிதாகவும் தெரியும். சிறிதாக இருக்கும்போது கிரகணம் வந்தால், ஓரத்தில் நெருப்பு வளையம் மிஞ்சும். 2019 டிசம்பர் 26-ல் கோவை, திண்டுக்கல் பக்கம் பலரும் பார்த்தது அந்த வகை.

1868 ஆகஸ்ட் 18-ல் எல்லாம் சாதகமாக அமைந்தன. நிலவு பூமிக்கு அருகில் இருந்ததால் அதன் தட்டு பெரிதாக இருந்தது. பூமி சூரியனிலிருந்து மிகத் தள்ளி இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். ஆகஸ்டிலும் அந்தத் தூரம் பெரிதாகக் குறைந்துவிடாது. அதனால் சூரியத் தட்டு சற்றே சிறிது. நிலவின் நிழலும் பூமியின் நடுப்பகுதி மேலேயே விழுந்தது. பூமத்திய ரேகைப் பக்கம் நிலம் வேகமாகக் கிழக்கே சுழல்கிறது. நிழலும் கிழக்கே ஓடுகிறது. ஓடும் பஸ்ஸோடு கூடவே ஓடினால் ஜன்னலில் இருப்பவரிடம் இன்னும் இரண்டு வார்த்தை பேச முடிகிறதல்லவா, அதேபோல நிழல் ஒவ்வோர் ஊரிலும் சற்றுக் கூடுதல் நேரம் தங்கியது.

விளைவு, அதிகபட்சமாக 6 நிமிடம் 47 விநாடி முழு இருட்டு. சூரிய கிரகணம் ஒன்று அதிகபட்சம் ஏழரை நிமிடம்தான் நீடிக்க முடியும் என்பது கணக்கு. பெரும்பாலான முழு கிரகணங்கள் இரண்டு, மூன்று நிமிடத்திலேயே முடிந்துவிடும். அந்த வகையில் இது விஞ்ஞானிகளுக்கு விருந்து. நிழலின் பாதை ஏடன் பக்கம் தொடங்கி, அரபிக்கடலைத் தாண்டி, இந்தியாவின் மேற்குக் கரையில் ஏறியது. பிஜப்பூர், குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாக வங்கக்கடலில் இறங்கி, சயாம், போர்னியோ, நியூ கினி என்று கிழக்கே போனது. நடுப்பகுதியில் நிழலின் அகலம் சுமார் 245 கிலோமீட்டர்.

யார் யார் எங்கே?

அந்தக் காலத்து விஞ்ஞானிகள் இந்தக் கிரகணத்துக்குப் பரபரத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 1859-60-ல் கிர்ச்சாஃப், புன்சென் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் ஒரு விஷயத்தை நிலைநாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தனிமமும் சூடாகி ஒளிரும்போது, தனக்கே உரிய நிறங்களில் சில கோடுகளை மட்டும் வெளியிடும். கிட்டத்தட்ட கைரேகை போல. ஒளியைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோப் என்ற கருவி இருந்தால், பக்கத்தில் போகாமலே ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதை நம் வீட்டிலேயே பார்க்கலாம். அடுப்பில் ரசம் பொங்கி வழியும்போது, நீலமாக எரிந்துகொண்டிருந்த கேஸ் தீ சட்டென மஞ்சளாகும். ரசத்தில் இருக்கும் உப்பின் சோடியம் போடும் கையெழுத்து அது. இந்த மஞ்சளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முழு கிரகணத்தின்போது, கறுத்த நிலவின் ஓரத்தில் சிவப்பு நிறத்தில் கொழுந்துகள் எட்டிப்பார்க்கும். அவை என்ன? சூரியனுடையவையா, நிலவுடையவையா என்பதே பல காலம் விவாதமாக இருந்தது. 1860-ல் ஸ்பெயினில் எடுத்த கிரகணப் படங்கள், அவை சூரியனுடையவைதான் என்று முடிவுகட்டின. அவை எதனால் ஆனவை? திடமா, மேகமா, எரியும் வாயுவா? ஸ்பெக்ட்ராஸ்கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு, 1868.

அதனால்தான் அத்தனை கூட்டம். குண்டூருக்கு ஜூல்ஸ் ஜான்சென் வந்தார். 44 வயது, சிறுவயது விபத்தால் கால் ஊனம், கிரகணத்துக்காக உலகம் சுற்றுவதில் அது அவருக்குத் தடையாக இருந்ததே இல்லை. அதே குண்டூரில் மேஜர் டென்னன்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு, கேமராவோடு. மேற்கே ஜம்கண்டியில் லெஃப்டினன்ட் ஜான் ஹெர்ஷல். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் பேரன் அவர். மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் கணக்கை வகுத்தவர் அவர்தான்.

அந்த மெட்ராஸ் ஆய்வகம் இருந்தது நம் நுங்கம்பாக்கத்தில். அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, இந்தக் கிரகணத்துக்காகத் தனிக்குழுவை அழைத்துக்கொண்டு வனபர்த்திக்குப் போனார். பஞ்சாங்கம் கணிக்கும் பரம்பரையில் வந்தவர். அதற்கு முந்தைய ஆண்டுதான், ஆர் ரெட்டிகுலி என்ற, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரத்தைக் கண்டறிந்து பெயர் வாங்கியிருந்தார். பிற்காலத்தில், நேரில் கண்ட வான அளவீடுகளோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டும் என்று வாதாடி, திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவரும் இவர்தான். உங்கள் வீட்டில் 'வாக்கியமா, திருக்கணிதமா?' என்று எப்போதாவது விவாதம் வந்திருந்தால், அதில் இவருக்கும் ஒரு பங்கு உண்டு. கிரகண ஃபார்வர்டுகளில் மட்டும் இவர் பெயர் வருவதே இல்லை.

உயிரைக் கொடுத்த ராஜா

கிழக்கே சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஒரு ராஜாவும் இந்தக் கிரகணத்துக்குக் காத்திருந்தார். நான்காம் ராமர் என்ற மோங்குட். அரியணை ஏறும் முன் 27 ஆண்டுகள் புத்த பிட்சுவாக இருந்தவர். வானியலை ஆழமாகப் படித்தவர். கிரகணம் எங்கே, எப்போது முழுமையாகத் தெரியும் என்று தானே கணக்குப் போட்டு, வா கோ என்ற கடலோரக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். பிரெஞ்சு விஞ்ஞானிகள், சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் கவர்னர் என்று எல்லோரையும் அழைத்து, காட்டுப் பகுதியில் முகாம் அமைத்தார்.

பர்மாவின் ஒரு பகுதியை பிரிட்டனும், கொச்சின்சீனாவை பிரான்சும் விழுங்கியிருந்த காலம் அது. அறிவியல் தெரியாத நாடு என்று தன் நாட்டை யாரும் எளிதாக எண்ணிவிடக் கூடாது என்பது ராஜாவின் கவலை. கணக்கு பலித்தது. சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் சூரியன் மறைந்தது.

ஆனால், அந்தக் காட்டுப் பகுதியில் மலேரியா இருந்தது. ஊர் திரும்பிய ராஜா காய்ச்சலில் விழுந்தார். 1868 அக்டோபர் 1-ல் இறந்துபோனார். உடன் சென்றிருந்த மகன் சுலலாங்கோர்னும் காய்ச்சலில் படுத்து, பிழைத்து, 15 வயதில் ராஜாவானார். தாய்லாந்தில் ஆகஸ்ட் 18 இன்றும் தேசிய அறிவியல் தினம். நமக்கு ஃபார்வர்டாக வரும் அதே தேதிதான்.

குண்டூரில் அந்தக் காலை

ஆகஸ்ட் மாதம், தென்மேற்குப் பருவமழைக் காலம். ஆயிரக்கணக்கான மைல் கப்பலில் வந்த ஒரு விஞ்ஞானிக்கு, அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு மேகம் குறுக்கே வந்தால் எல்லாம் போச்சு. ஜம்கண்டியில் ஹெர்ஷலுக்கு அதுதான் நடந்தது. மேகத்துக்கு நடுவே கிடைத்த சின்ன இடைவெளியில்தான் அவரால் பார்க்க முடிந்தது. குண்டூரில் வானம் கைகொடுத்தது.

பிரெஞ்சு வணிகர் ஒருவரின் வீட்டில் ஜான்சென் தன் கருவிகளை நிறுத்தியிருந்தார். காலை 9 மணி சுமாருக்கு சூரியன் முழுதாக மறைந்தது. ஓரத்தில் சிவப்புக் கொழுந்துகள். ஸ்பெக்ட்ராஸ்கோப்பை அவற்றின் மேல் திருப்பினார். தனித்தனியாக, பளிச்சென்ற கோடுகள்.

விடை கிடைத்துவிட்டது. திடப்பொருள் என்றால் வானவில் போலத் தொடர்ச்சியான நிறங்கள் வரவேண்டும். தனித்தனிக் கோடுகள் வந்தால் அது சூடான வாயு. கோடுகள் இருந்த இடத்தைப் பார்த்தால், பெரும்பங்கு ஹைட்ரஜன். ஹெர்ஷல், டென்னன்ட், போக்சன், சயாமில் இருந்த பிரெஞ்சு விஞ்ஞானி ராயே என்று வெவ்வேறு ஊர்களில் இருந்தவர்களும் அன்று இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்.

ஜான்சென் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டது அடுத்த எண்ணத்தில். அந்தக் கோடுகள் அவ்வளவு பளிச்சென்று இருந்தன. 'இவ்வளவு பிரகாசமாக இருப்பதைப் பார்க்க, கிரகணம் எதற்கு?' என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள், ஆகஸ்ட் 19. கிரகணம் முடிந்துவிட்டது. சூரியன் வழக்கம்போல் எரித்துக்கொண்டிருந்தது. ஜான்சென் கருவியை சூரியனின் ஓரத்துக்குத் திருப்பினார். கோடுகள் தெரிந்தன. முந்தைய நாள் ஐந்து நிமிடத்துக்குள் அள்ளவேண்டியிருந்ததை, இப்போது நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்க முடிந்தது.

குண்டூரின் நிஜமான கண்டுபிடிப்பு இதுதான். சூரியக் கொழுந்துகளைப் பார்க்க கிரகணத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஊத்தாப்பமும் பேப்பர் ரோஸ்ட்டும்

இது எப்படி சாத்தியம்? தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கரண்டி மாவை ஊற்றி அப்படியே விட்டால் தடியான ஊத்தாப்பம். அதே மாவைப் பெரிய கல்லில் இழுத்துவிட்டால், மெலிந்து பேப்பர் ரோஸ்ட் ஆகிவிடும். ஆனால், மாவில் கிடக்கும் வெங்காயத் துண்டு எவ்வளவு இழுத்தாலும் மெலியாது, இடம்தான் மாறும்.

சாதாரண சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் தொடர்ச்சியாகக் கலந்திருக்கின்றன. அதுதான் மாவு. ஸ்பெக்ட்ராஸ்கோப் அதை அகலமாக விரிக்க விரிக்க, வெளிச்சம் மெலிந்து மங்கிக்கொண்டே போகும். கொழுந்துகளின் ஒளியோ சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டுமே இருக்கிறது. அதுதான் வெங்காயம். ஒரே நிறத்தை மேலும் விரிக்க முடியாது. எனவே கோடுகள் மங்குவதில்லை. போதுமான அளவு விரித்தால், கண்ணைக் கூசவைக்கும் ஒளி பின்னால் போய், கோடுகள் முன்னால் வந்துவிடும்.

ஜான்சென் உடனே ஊருக்குக் கிளம்பவில்லை. இந்தியாவிலேயே தங்கி, கிடைத்த நாளெல்லாம் சூரியனைப் பார்த்தார். செப்டம்பர் 19-ல் காக்கிநாடாவிலிருந்து பாரிஸ் அகாடமிக்குக் கடிதம் எழுதினார். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. கடிதம் மெதுவாகப் பயணப்பட்டது.

அதே நேரத்தில் லண்டனில் நார்மன் லாக்கியர். பகலில் ராணுவ அமைச்சகத்தில் குமாஸ்தா. மற்ற நேரமெல்லாம் வானியல். கிரகணத்தைப் பார்க்க அவர் எங்கும் போகவில்லை. ஆனால், கிரகணம் இல்லாமலே கொழுந்துகளைப் பார்க்கலாம் என்ற யோசனை அவருக்கு முன்பே இருந்தது. ஆர்டர் கொடுத்த கருவி தாமதமாகத்தான் கைக்கு வந்தது. அக்டோபர் 20-ல், குண்டூரில் நடந்தது எதுவும் தெரியாமலே, அவரும் கோடுகளைப் பார்த்துவிட்டார்.

இரண்டு பேரின் செய்தியும் பாரிஸ் அகாடமியில் ஒரே நாளில், அக்டோபர் 26 அன்று வாசிக்கப்பட்டது. முதலில் பார்த்தவர் ஜான்சென், முதலில் யோசித்தவர் லாக்கியர். பெருமை யாருக்கு? சண்டைக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. ஆனால், நடந்தது வேறு. இருவருக்கும் சமமாகப் பெருமை பிரித்துக் கொடுக்கப்பட்டது. பிரெஞ்சு அரசு இருவர் முகத்தையும் சேர்த்துப் பொறித்துப் பதக்கமே வெளியிட்டது. ஜான்செனும் லாக்கியரும் நண்பர்கள் ஆனார்கள்.

அப்போ ஹீலியம்?

இப்போது அந்த ரசம் பொங்கிய மஞ்சளுக்கு வருவோம்.

கிரகணத்தன்று கொழுந்துகளின் ஒளியில் பலரும் ஒரு மஞ்சள் கோட்டையும் கண்டிருந்தார்கள். மஞ்சள் என்றதும் யாருக்கும் தோன்றுவது சோடியம். அதன் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் இருக்கின்றன. இந்தப் புதுக் கோட்டின் இடமோ 587.6 நானோமீட்டர். வித்தியாசம் ஒன்றரை நானோமீட்டர்கூட இல்லை. சில நிமிட கிரகணத்தில், பரபரப்பில், அதைத் துல்லியமாக அளப்பது லேசான காரியமா? மசூலிப்பட்டினத்தில் இருந்த போக்சன், கோடு சோடியத்தின் இடத்திலோ அதன் அருகிலோ இருப்பதாகக் கவனமாகக் குறித்துவைத்தார்.

ஜான்செனின் காக்கிநாடா கடிதம் பேசியது, கிரகணமின்றிக் கொழுந்துகளைப் பார்க்கும் முறையைப் பற்றி. புதிய தனிமம் என்ற பேச்சே அதில் இல்லை.

கோடு சோடியத்துடையது அல்ல என்று உறுதிப்படுத்த, நிதானமாக, திரும்பத் திரும்ப அளக்கவேண்டியிருந்தது. அந்த அவகாசத்தைத் தந்தது கிரகணம் தேவைப்படாத புது முறைதான். லாக்கியர் அதைச் செய்தார். வேதியியல் அறிஞர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்டோடு சேர்ந்து ஆய்வகத்தில் வாயுக்களைச் சூடாக்கிப் பார்த்தார். பூமியில் தெரிந்த எந்தப் பொருளும் அந்தக் கோட்டைக் காட்டவில்லை. சூரியனில் மட்டும் இருக்கும் ஒரு தனிமமோ என்ற எண்ணம் வந்தது. சூரியனுக்கு கிரேக்க மொழியில் ஹீலியோஸ். அதிலிருந்து வந்த பெயர், ஹீலியம். நியான், ஆர்கான், கிரிப்டான் என்று அதன் சொந்தக்கார வாயுக்கள் எல்லாம் 'ஆன்' என முடிய, இது மட்டும் சோடியம், கால்சியம் போல 'இயம்' என முடிவது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? அதை ஓர் உலோகம் என்று அப்போது நினைத்ததுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

கண்ணில் படாத, கையில் பிடிக்க முடியாத ஒரு தனிமத்தை எல்லோரும் நம்பிவிடவில்லை. 27 ஆண்டுகள் ஓடின. 1895-ல் லண்டனில் வில்லியம் ராம்சே, கிளீவைட் என்ற யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் போட்டு, அதிலிருந்து வந்த வாயுவைச் சோதித்தார். அவர் தேடியது ஆர்கானை. வந்ததோ அந்த மஞ்சள் கோடு! சூரியனில் கண்ட பொருள், பூமியிலும் கிடைத்துவிட்டது. கிட்டத்தட்ட அதே சமயம் ஸ்வீடனின் உப்சலாவில் கிளீவ், லாங்லெட் இருவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

ஆக, ஹீலியத்தைக் கண்டுபிடித்தது யார்? கோட்டைக் கண்டவர்கள், அருகில் என்று குறித்தவர், அளந்து பெயர் வந்த வழியைத் திறந்தவர்கள், கையில் பிடித்தவர்கள் என்று ஒரு பெரிய வரிசையே இருக்கிறது. ஒரு நாள், ஓர் ஊர், ஒரு பெயர் என்று சுருக்கினால் ஃபார்வர்டுக்கு வசதி. நடந்ததற்கு அது நியாயமாகாது.

இன்று ஹீலியம் பலூனோடு நின்றுவிடவில்லை. ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ எடுக்கப் படுக்கிறோமே, அந்த இயந்திரத்தின் காந்தத்தைக் குளிர்விப்பது, மைனஸ் 269 டிகிரியில் இருக்கும் திரவ ஹீலியம். நம் தலைக்கு மேல் வெயில் அடிப்பதற்கும், சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதுதான் காரணம்.

நீலகிரிக்கு வந்த ஜான்சென்

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கிரகணம் தேவையில்லை என்று நிரூபித்த ஜான்சென், அதோடு கிரகணங்களை விட்டுவிட்டாரா?

இல்லை. 1870 டிசம்பரில் இன்னொரு கிரகணம். பாரிஸை பிரஷ்யப் படை முற்றுகையிட்டிருந்த நேரம். ஜான்சென் பலூனில் ஏறி, முற்றுகைக்கு மேலே பறந்து தப்பி, அல்ஜீரியாவுக்குப் போனார். அங்கே மேகம். எதுவும் தெரியவில்லை.

ஏன் இவ்வளவு பாடு? அவருடைய முறை கொழுந்துகளுக்குத்தான் பலித்தது. அவற்றுக்கு வெளியே, முழு கிரகணத்தில் வெள்ளிச் சரிகை போலப் பரவும் கரோனா என்ற ஒளிவட்டம் வேறு வகை. அதன் ஒளியும் பெரும்பாலும் எல்லா நிறமும் கலந்தது. இழுத்தால் மாவோடு மாவாக அதுவும் மெலிந்துவிடும். கரோனாவுக்கு கிரகணமே வழி.

அடுத்த ஆண்டு, 1871 டிசம்பர் 12-ல், கிரகணப் பாதை தமிழ் மண் மேலேயே வந்தது. ஜான்சென் நீலகிரியில் உள்ள சோலூருக்கு வந்தார். கேரளத்தின் பேக்கல் கோட்டைக்கு லாக்கியர் வந்தார். சோலூரில் வானம் தெளிவாக இருந்தது. கரோனாவின் ஒளியில், சூரிய ஒளிக்கே உரிய கறுப்புக் கோடுகளை ஜான்சென் கண்டார். கரோனா வெறும் கண்மயக்கோ, பூமியின் காற்றில் உண்டாகும் தோற்றமோ அல்ல, சூரியனைச் சேர்ந்த ஒன்று என்பதற்கு வலுவான சான்று அது.

நுங்கம்பாக்கத்து ஆய்வகத்தின் பணி 1899-ல் கொடைக்கானல் மலைக்கு மாறியது. மழைக்கும் பஞ்சத்துக்கும் சூரியனோடு தொடர்பு உண்டா என்ற கேள்வியும் அங்கே சூரிய ஆய்வகம் அமைய ஒரு காரணம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, வானம் தெளிவாக இருக்கும் நாளெல்லாம் அங்கே சூரியனைப் படமெடுக்கிறார்கள். ஒரே ஒரு நிறத்தைப் பிரித்தெடுத்து, அதில் சூரியக் கொழுந்துகளைப் பதிவுசெய்யும் படங்களும் அதில் உண்டு. கிரகணம் இல்லாமல், சாதாரண நாளில். குண்டூரில் ஆகஸ்ட் 19 அன்று தொடங்கியதன் நேரடித் தொடர்ச்சி அது. அடுத்த முறை கொடைக்கானல் டூர் போகும்போது, ஏரி, பில்லர் ராக்ஸ் லிஸ்ட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கரோனாவுக்கும் ஒருநாள் விடை வந்தது. 1930 வாக்கில் பிரான்சின் பெர்னார் லியோ, தொலைநோக்கிக்குள்ளேயே சூரியத் தட்டை மறைக்கும் கருவியை உருவாக்கினார். செயற்கை கிரகணம் என்று சொல்லலாம். 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில் அதே வகைக் கருவி இருக்கிறது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், தனக்குத்தானே கிரகணம் உண்டாக்கிக்கொண்டு கரோனாவைப் பார்க்கிறது. அந்தக் கருவியைச் செய்தது பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம். அதன் வேர், போக்சனும் ரகுநாதாச்சாரியும் வேலை பார்த்த அதே மெட்ராஸ் ஆய்வகம்.

திரும்பி வரும் கிரகணம்

கிரகணங்களுக்கும் குடும்பம் உண்டு. 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்பும். அதற்கு சாரோஸ் சுழற்சி என்று பெயர். அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு சுற்று சுற்றிவிடுவதால், கிரகணம் வேறு ஊரில் தெரியும். 1868 கிரகணம் 133-ம் எண் குடும்பத்தைச் சேர்ந்தது. 1922-ல் ஆஸ்திரேலியாவில் ஐன்ஸ்டீனின் கோட்பாட்டைச் சோதித்த கிரகணம் இதன் சொந்தம்தான். இதே குடும்பத்தின் கிரகணம் 2030 நவம்பர் 25-ல் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் ஆஸ்திரேலியாவிலும் தெரியும்.

நமக்கு? 2031 மே 21-ல் தென் தமிழ்நாட்டின் வழியாக வளைய கிரகணம் வருகிறது. அன்று சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் பாதுகாப்பு கிடையாது. செல்போன் கேமராவை நேராக நீட்டுவதும் வேண்டாம். கண்ணாடி கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சல்லடையை வெயிலில் பிடித்தால் போதும், தரையில் நூறு குட்டி கிரகணங்கள் விழும்.

இனி ஆகஸ்ட் 18-ல் அந்த ஃபார்வர்டு வந்தால், அனுப்பிய சித்தப்பாவைத் திட்டவேண்டாம். பாதி உண்மையை அவர் சொல்லிவிட்டார். மீதியை நீங்கள் ரிப்ளையில் போடுங்கள். தேதியை மட்டும் ஒரு நாள் தள்ளி, ஆகஸ்ட் 19 என்று எழுதுங்கள்.